தொப்பி உண்டு, மாடில்லை

கார்லண்ட் பிக்கெட் தன் ஆயுளில் விரித்த பச்சையை எல்லாம் சேர்த்தால் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், கால்வாசியை மூடிவிடலாம். என்ன, அத்தனையும் கார்பெட். ஒரு மாடு கூட வாய் வைக்க முடியாத பச்சை. டெக்சாஸின் மேற்குக் கோடியில், ஹாஸ்கெட் என்கிற எங்கள் ஊரின் கடைத்தெருவில், முப்பது வருஷம் கார்பெட் விற்றார். ஊரில் அவர் முட்டி போட்டு அளவெடுக்காத வரவேற்பறை கிடையாது. கடையை மூடிய மறுவாரம் ஃபோர்ட் வொர்த்துக்குப் போனார். போனது கார்பெட்காரர். திரும்பி வந்தது ஒரு தொப்பி. அதற்குக் கீழே அவரும் இருந்தார்.

மாட்டுப் பண்ணைக்காரர்கள் போடும் கௌபாய் தொப்பி. நல்ல தொப்பிதான், குறை சொல்ல முடியாது. ஆடை படிந்த பால் போல ஒரு நிறம், மழை பெய்தால் இரண்டு பேர் ஒண்டிக்கொள்ளலாம் என்கிற விளிம்பு. தொப்பிக்கு உண்டான சாஸ்திரங்களை எல்லாம் அவர் பரம்பரைப் பண்ணைக்காரர்களைவிடக் கறாராகக் கடைப்பிடித்தார். ஈஸ்டர் வந்தால் ரோமத் தொப்பியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓலைத் தொப்பி, செப்டம்பர் பிறந்தால் திரும்பவும் ரோமம். கட்டில்மேல் தொப்பியை வைக்கக் கூடாது, வீட்டுக்கு ஆகாது. மேஜையில் வைத்தால் மல்லாக்கத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்ஷ்டம் வழிந்து போய்விடும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். கார்லண்ட் அற்பரில்லை. ராத்திரியில் கழற்றிவிடுவார்.

இந்த மாதிரி ஆட்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வசனம் உண்டு. 'தொப்பி முழுக்க இருக்கு, மாடுதான் இல்லை' என்பார்கள். ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈறும் பேனும் என்கிற ரகம்தான். ஆனால் இதில் ஈறும் பேனும்கூட இல்லை, வெறும் காலி. ஓட்டுக் கேட்டு வந்து கை குலுக்கிப் போகிறவனுக்குச் சொல்வார்கள். பிரசங்க மேடையில் இடி இடித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைப் பார்க்கப் போகாத பாதிரிக்குச் சொல்வார்கள். டல்லாஸிலிருந்து வந்து இருநூறு ஏக்கர் வாங்கி, வாசலில் ஆளுயர இரும்பு எழுத்தில் பண்ணைப் பெயரைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு கழுதை மட்டும் வைத்திருக்கும் பல் டாக்டருக்கும் சொல்வார்கள். ஆனால் ஒருநாளும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். மரியாதை தெரிந்த ஊர். முதுகு என்று ஒன்றைக் கடவுள் எதற்காகக் கொடுத்தார் என்பதும் தெரிந்த ஊர்.

கார்லண்ட் பிழைத்துக் கிடந்ததற்கு இன்னொரு மரியாதைதான் காரணம். உன்னிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. பாங்கில் எவ்வளவு வைத்திருக்கிறாய், உன் மனைவியின் எடை என்ன என்று கேட்பதற்குச் சமம் அது. கேட்டவனை அதற்கப்புறம் யாரும் காபிக்குக் கூப்பிட மாட்டார்கள். மாட்டைப் பற்றிப் பேசலாம், விடிய விடியப் பேசலாம். எண்ணிக்கை மட்டும் வாயில் வரக் கூடாது. ஆக, மாடில்லாதவன் மூன்றே மூன்று வாக்கியம் தெரிந்துகொண்டால் போதும். "மழை வந்தா தேவலாம்." "விலை இப்படியே நிக்காது." "புல்லு சொல்றபடிதானே நாம." கார்லண்டுக்கு மூன்றும் மனப்பாடம். எந்த இடத்தில் எதைப் போட வேண்டும், போட்ட பிறகு எவ்வளவு நேரம் ஜன்னலுக்கு வெளியே வெறித்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் வாயால் ஒரு பொய் சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. பொய்யைத் தொப்பி பார்த்துக்கொண்டது.

இத்தனையும் ஒரு நாற்காலிக்காக. மாட்டுச் சந்தைக் கொட்டகையை ஒட்டி ஒரு காபிக் கடை இருக்கிறது. அதன் மூலையில் ஒரு வட்ட மேஜை. காலையில் பண்ணைக்காரர்கள் அங்கேதான் உட்காருவார்கள். கார்பெட் விற்ற காலத்தில் கார்லண்ட் கவுண்டரில் நின்று காபியை வாங்கிக்கொண்டு, அந்த மேஜையை ஓரக்கண்ணால் பார்த்தபடியே போவார். அங்கே யாரும் அவரை விரட்டவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. தொப்பி வந்த மறுநாள் போய் நின்றார். டூலி என்கிற தடித்த மனிதர் பேச்சை நிறுத்தாமலே நாற்காலியைச் சற்று நகர்த்தி இடம் விட்டார். அன்றைக்குக் கார்லண்ட் வீட்டுக்கு வந்து மனைவி லவோனைத் தாண்டி நேரே கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். கல்யாணத்தன்றுகூட அவர் அவ்வளவு சந்தோஷப்படவில்லை என்று லவோன் சொல்வாள். அவர் மறுத்ததில்லை.

அந்த மேஜைக்கு ராஜா ஹாலிஸ் ட்ராமெல். நாலாவது தலைமுறைப் பண்ணைக்காரர். கவுண்டியிலேயே பெரிய வேலி அவருடையது. தொப்பியைக் கழற்றினால் புருவம் வரைக்கும் செங்கல் நிறம், அதற்கு மேலே பிசைந்த மாவு போல வெள்ளை நெற்றி. வெயிலில் ஆயுசைக் கழித்த பண்ணைக்காரனுக்குக் கடவுள் வைக்கும் முத்திரை அது. கார்லண்டுக்கு நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் ஒரே நிறம், டியூப்லைட்டின் கீழே பழுத்த நிறம். அதனால் ஜெப நேரம் தவிர மற்ற நேரத்தில் அவர் தொப்பியைக் கழற்றுவதில்லை.

ஹாலிஸ் தன்னைப் பற்றி அந்த வசனத்தைச் சொன்னதை ஒருநாள் கார்லண்டே கேட்டார். கை கழுவப் போயிருந்தார், நடுவில் பலகைச் சுவர்தான்.

"கார்லண்ட் எங்கப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"உள்ள போயிருக்கான். மந்தைய எண்ணிட்டு வருவான். ரொம்ப நேரம் ஆகாது," என்றார் ஹாலிஸ். "தொப்பி மட்டும்தானேப்பா. மாடு எங்க இருக்கு?"

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். கார்லண்ட் குழாயை இன்னும் கொஞ்ச நேரம் திறந்துவிட்டார். பிறகு வந்து உட்கார்ந்து, மழை வந்தா தேவலாம் என்றார். வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் நாற்காலி நகரவில்லை, அது போதும் என்று வைத்துக்கொண்டார்.

இப்படிப் பல வருஷம் ஓடியது. பிறகு இரண்டாயிரத்துப் பதினொன்று வந்தது.

அந்த வருஷத்து வறட்சியைப் பற்றி எங்கள் ஆட்கள் இன்னமும் உரக்கப் பேசுவதில்லை. குட்டைகள் வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடந்தன. புல் இருந்த இடத்தில் புல்லின் வேர்கூட இல்லை. நெல்டா கோட்ஸ் என்கிற விதவை, ஊருக்கு வடக்கே கொஞ்சம் மாடு வைத்திருந்தவள், முதுகில் காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சப்பாத்திக்கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கிப் பொசுக்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உரக்கடையில் சும்மா கொடுத்த துணிக் குல்லா ஒன்றைத்தான் போட்டிருப்பாள். காபிக் கடைக்கு வர அவளுக்கு நேரம் இருந்ததில்லை. "நெல்டா வளர்க்கறது மந்தையில்ல, செல்லப் பிராணி," என்று ஹாலிஸ் ஒருமுறை சொன்னார், அதற்கும் மேஜை குலுங்கியது.

கார்லண்டுக்கு மட்டும் அந்தக் கோடை ஒரு விதத்தில் பொற்காலம். மேஜை நிரம்பி வழிந்தது. முன்பெல்லாம் ஒரு குவளையோடு எழுந்து போகிறவர்கள் இப்போது மூன்றாவது குவளை வரைக்கும் உட்கார்ந்தார்கள். ஹாலிஸ் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். அவருடைய பூட்ஸ் பளபளவென்று இருந்தது. தன் பேச்சு கடைசியில் இவர்களைப் பிடித்துப் போட்டுவிட்டது என்று கார்லண்ட் நினைத்துக்கொண்டார். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும்.

செப்டம்பரில் வடக்கே அயோவா மாநிலத்திலிருந்து ஒரு சேதி வந்தது. அங்கே மழை கண்ட விவசாயிகள் சிலர், சர்ச் மூலமாக எங்கள் ஊருக்குப் புல் அனுப்புகிறார்களாம். மூன்று லாரி. வியாழக்கிழமை மாலை சர்ச் ஹாலில் எல்லாரும் கூட வேண்டும், மாட்டுக் கணக்கைச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சேதியைக் கேட்டதும் கார்லண்ட் பாதி பிஸ்கட்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

"போகாம இருந்துட்டா?" என்று வீட்டில் லவோனைக் கேட்டார்.

"சரி, போகாம இரு. பண்ணைக்காரன் அத்தனை பேரும் அங்க இருப்பான், உன் நாற்காலி மட்டும் காலியா இருக்கும். அது உன்னவிட உரக்கப் பேசும்." அவள் பீகன் பருப்பு வைத்துச் சுடும் 'பை' பலகாரத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள், ஹாலில் விற்க.

"போயி ஒரு சின்ன நம்பரா சொல்லிட்டா? ஒரு இருபதுன்னு."

"சொல்லு. லாரியக் கொண்டாந்து வாசல்ல கொட்டுவாங்க. எங்க வைக்கப் போற? வரவேற்பறையிலயா? ஆமா, நம்ம வீட்ல இருக்கற மேய்ச்சல் நிலம் அது ஒண்ணுதான்."

"கிண்டல் பண்ணாத லவோன். அந்த மேஜை போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு?"

அவள் மாவைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "நான் இருக்கேன்," என்றாள். பிறகு, "ஆனா எனக்கு மாட்டப் பத்திப் பேச வராது. அதும் வாஸ்தவம்தான்," என்று திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. ரோமத் தொப்பிகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. கார்லண்ட் பழக்கதோஷத்தில் முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல தொப்பிக்குப் பின் வரிசை ஒத்துவராது. பாதிரி ஜெபத்துக்கு எழுந்ததும் எல்லாத் தொப்பியும் இறங்கின. வெள்ளை நெற்றிகள் வரிசையாகப் பளிச்சிட்டன. நடுவில் ஒன்று மட்டும் பளிச்சிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கார்லண்ட், மழை வரட்டும் ஆண்டவரே என்று மனசார வேண்டினார். வாழ்நாளில் முதல்முறையாக அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் வைத்துச் சொன்னார். இப்போதே, இந்த நிமிஷமே, கூரையைப் பிய்த்துக்கொண்டு.

ஆமென் சொன்னதும் அயோவாக்காரர் எழுந்தார். ஆர்லின் என்று பெயர். நல்ல மனிதர், தாராளமான மனிதர். ஒரு ஊரைக் குடை சாய்க்க வேறென்ன வேண்டும்?

"ரொம்ப சிம்பிள்ங்க," என்றார். "ஒவ்வொருத்தரா எத்தனை மாடுன்னு சொல்லுங்க. அதுக்குத் தக்கபடி பிரிச்சிடலாம்."

ஹாலில் யாரோ செருப்படி வாங்கியது போல ஒரு அமைதி. பாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தனித்தனியா வந்து என்கிட்டச் சொன்னாப் போதுமே," என்று சொல்லிப் பார்த்தார்.

"எதுக்கு சார்? எல்லாரும் ஒரே ஊர்க்காரங்கதானே. ஒருத்தருக்கொருத்தர் தெரியாததா?" ஆர்லின் சிரித்த முகத்தோடு முன் வரிசைக்குத் திரும்பினார். கண்ணில் பட்டது ஊரிலேயே பெரிய தொப்பி. "உங்ககிட்டருந்து ஆரம்பிக்கலாம் சார். பார்த்தாலே தெரியுது. உங்களுக்கு எத்தனை?"

கார்லண்ட் எழுந்தார். பலகாரம் விற்கும் மேஜைக்குப் பின்னால் லவோன் கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஹாலிஸ் இருந்தார், டூலி இருந்தார், மேஜை முழுதும் இருந்தது. இருபது என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜன்னல் வழியே லாரி தெரிந்தது. அதில் அடுக்கியிருந்த உருளைக் கட்டுகள் நிஜமான புல். தான் வாங்கும் ஒவ்வொரு கட்டும் ஏதோ ஒரு நிஜ மாட்டின் வாயிலிருந்து பிடுங்கியதாக இருக்கும். மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

"ஒண்ணுமில்ல சார்," என்றார்.

"வித்துட்டீங்களா? ஐயோ பாவம்."

"இல்ல சார். எப்பவுமே இருந்ததில்ல. எனக்குக் கார்பெட் கடை." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தொப்பியை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டார். அதில் அதிர்ஷ்டம் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பவர் போல அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து சிரிப்பு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஆர்லின் அசடு வழிந்துகொண்டே அடுத்த வரிசைக்குத் திரும்பினார். "நீங்க சார்?"

ஹாலிஸ் ட்ராமெல் எழுந்து நின்றார். தொப்பியை விளிம்பைப் பிடித்துச் சுற்றினார். ஒரு முழுச் சுற்று, இன்னொரு சுற்று. அவர் பாட்டனாரின் அப்பா அந்த ஊருக்கு மந்தை ஓட்டி வந்தவர் என்று சந்தைக் கொட்டகைச் சுவரில் படமே மாட்டியிருக்கிறது.

"கார்லண்டுக்கு எவ்வளவோ, அவ்வளவுதான் எனக்கும்," என்றார்.

ஆர்லினுக்குப் புரியவில்லை. ஊருக்குப் புரிந்தது.

"ஜூன் மாசமே வித்தாச்சு," என்றார் ஹாலிஸ், தரையைப் பார்த்து. "இங்க இல்ல. மூணு கவுண்டி தள்ளிக் கொண்டுபோய் வித்தேன்."

"எந்தச் சந்தையில?" என்றார் டூலி, தன்னை அறியாமல். ஹாலிஸ் சொன்னார். டூலி எழுந்து நின்று, "அதான் கேட்டேன். நானும் அங்கதான் வித்தேன். ஒருத்தனும் பார்க்க மாட்டான்னு நினைச்சேன்," என்றார்.

அப்புறம் மளமளவென்று வந்தது. பின் வரிசையில் ஒருவர், நடு வரிசையில் இரண்டு பேர், அண்ணனும் தம்பியுமாக வந்து ஒருவருக்கொருவர் மறைத்து விற்ற ஒரு ஜோடி. விடிவதற்கு முன் லாரியில் ஏற்றி, பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் படாமல் சுற்று வழியில் ஓட்டிப் போய் விற்றுவிட்டு, ஏழு மணிக்குக் காபிக் கடையில் உட்கார்ந்து விலை இப்படியே நிக்காது என்று பேசியிருக்கிறார்கள். கோடை முழுவதும் அந்த வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவை தொப்பிகள் மட்டும்தான். மாடில்லாத குறையை மறைக்கத் தெரியாமல் தவித்தவர்கள் நடுவில், பல வருஷ அனுபவசாலி கார்லண்ட் ஒருவர்தான் நிம்மதியாகக் காபி குடித்தவர். வராமல் இருந்தால் தெரிந்துவிடுமே என்றுதான் அன்றைக்கு எல்லாரும் ஹாலுக்கு வந்ததும்.

"அப்ப இந்தப் புல்ல நான் யாருக்குத்தான் குடுக்கறது?" என்றார் ஆர்லின். பாவம், மூன்று லாரியை ஆயிரம் மைல் ஓட்டி வந்தவர்.

கதவோரம் நின்றிருந்த துணிக் குல்லா அசைந்தது. "எனக்கு நாப்பத்தொண்ணு இருக்கு," என்றாள் நெல்டா, கூச்சம் நாச்சம் இல்லாமல். கையெல்லாம் தீக்காயத் தழும்பு. "அதுல ஒண்ணு, ரெண்டு நாளா எந்திரிக்கல. உங்க பாவ மன்னிப்பெல்லாம் முடிஞ்சுதுன்னா லாரிய எடுக்கச் சொல்லுங்க. இருட்டறதுக்குள்ள எறக்கணும்." வாசல்படி தாண்டியவள் திரும்பினாள். "சும்மாதானே இருக்கீங்க எல்லாரும்? வந்து எறக்குங்க. தொப்பிய வண்டியிலயே வச்சுட்டு வாங்க. அங்க குனிஞ்சு நிமிரணும்."

போனார்கள். முந்திய வாரம் வரை செல்லப் பிராணி என்று சிரித்தவர்கள், வெள்ளை நெற்றி வியர்க்க வியர்க்க அவளுடைய தொழுவத்தில் புல் இறக்கினார்கள். கார்லண்டும் இறக்கினார். ஒரு மாட்டை அவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததே அன்றைக்குத்தான். எலும்பும் தோலுமான ஒரு கிழட்டுப் பசு அவர் கையிலிருந்தே புல்லைப் பிடுங்கித் தின்றது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

முடிந்து வண்டிக்குத் திரும்பும்போது ஹாலிஸ் பின்னாலேயே வந்தார். வந்தவர், தன் வண்டியிலிருந்து எடுத்த தொப்பி ஒரு கையில் இருக்க, கார்லண்டின் வண்டிக் கதவில் மறு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வந்தது தெரிந்தது. மன்னிப்பாக இருக்கும் என்று கார்லண்ட் நினைத்தார். இத்தனை வருஷமும் அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தார், கொஞ்சம் காரமான பதில்.

"கார்லண்ட்," என்றார் ஹாலிஸ். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியே?"

"கேளு."

"ஜூன்லருந்து பாக்கறேன். நாலரை மணிக்கு முழிப்பு வந்துடுது. எந்திரிச்சு பூட்ஸ மாட்டிட்டு வாசல்ல நிக்கறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்ல." அந்த வெள்ளை நெற்றியில் புல் துணுக்கு ஒட்டியிருந்தது. "நீ இத்தனை வருஷமா எப்பிடி சமாளிக்கற? காலைல எந்திரிச்சு என்னதான் பண்ணுவ?"

தயாராக வைத்திருந்த பதிலைக் கார்லண்ட் தேடினார். இருந்தது. எடுக்க மனசு வரவில்லை. அந்த மனிதரைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. வண்டிக்குள் கையை விட்டுத் தன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஹாலிஸின் தொப்பியை அவர் கையிலிருந்து வாங்கி, தட்டி, திருப்பிக் கொடுத்தார்.

"மொதல்ல இத மாட்டிக்க," என்றார். "மாட்டிட்டுக் காபிக்கு வந்துடு. மத்தியானம் வரைக்கும் ஓட்டிடலாம் ஹாலிஸ். அதுக்கு மேலதான் கொஞ்சம் கஷ்டம்."